அண்ணன் அனுப்பிய தவிடு

அந்தக் காலத்தில் கோடைக்கானல் ஏரிக்கரையில் நின்ற சவாரிக் குதிரைகளில் பொன்னுவேலின் செவலையைத் தெரியாதவர்கள் கிடையாது. சீசனுக்கு வரும் பிள்ளைகள், ஏறினால் செவலை மேல்தான் ஏறுவேன் என்று அடம்பிடிக்கும். அத்தனை சாது. இன்றைக்கு நினைத்தாலும் பொன்னுவேலின் பெண்டாட்டி கண்மணிக்கு அதன் பிடரியில் அடிக்கும் ஈர வாசனைதான் முதலில் வரும். பின்னாலேயே கண்ணும் கலங்கிவிடும்.

கண்மணி பழனிக்காரி. தாய் தகப்பன் இல்லாமல் அண்ணன் நல்லுசாமி வளர்த்து மலைமேல் கட்டிக்கொடுத்த பெண். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன் சீர் என்று என்னத்தைச் செய்துவிட முடியும்? கல்யாணத்தன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அந்தக் குறை தீரத்தானோ என்னவோ, மாதம் தவறாமல் மில்லுத் தவிட்டை மூட்டை கட்டி, வத்தலக்குண்டு சுற்றி வரும் பஸ்ஸில் ஏற்றிவிடுவான். சின்ன வயசில், உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம் என்று சொல்லி அவளை அழவிட்டவன் அவன். வாங்கின தவிட்டைத் திருப்பிக் கொடுக்கிறான் என்று பொன்னுவேல் கேலி செய்வான். மூட்டை வரும் நாள்தான் கண்மணிக்குத் தீபாவளி.

தவிடு முழுக்கச் செவலைக்குத்தான். மழையில் புல்லுக்கு அலைவானேன் என்று, வர வர அதுவே அதற்கு மூன்று வேளைச் சாப்பாடும் ஆகிவிட்டது. இரண்டு கன்னமும் பூரித்து வந்தன. பிறந்த வீட்டுத் தவிடு உடம்பில் ஒட்டுகிறது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள். குதிரை நொண்ட ஆரம்பித்ததும், சத்துப் பத்தவில்லை என்று இன்னும் கூட்டிப் போட்டாள். பாவி மகள், நல்லதைத்தான் நினைத்தாள்.

பங்குனியில் செவலையால் ஏரிவரைக்கும் நடக்க முடியவில்லை. வாயில் வைத்ததை மெல்லவும் வரவில்லை. சீசன் வாசலில் நிற்கிறது, வீட்டுக்கு இருப்பது அந்த ஒரு குதிரை. மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் தாடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, தீனி என்ன என்று கேட்டார். கண்மணி கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள்.

"இது சதை இல்லம்மா, எலும்பு வீங்கியிருக்கு," என்றார். "கழுத்துல சின்னதா சுரப்பி இருக்கு. ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து கொறஞ்சா, அது எலும்புல இருந்து உருவிக் குடுக்கும். உருவின எலும்பு உறுதி போயி, நார் வச்சு ஊதிரும். வெறும் தவிட்டுல அந்தச் சத்து பத்தாது. இதையே போட்டீங்கன்னா ஒரு நாள் கால் ஒடிஞ்சு விழுந்துரும்."

அன்றைக்குக் கண்மணிக்குச் சோறு இறங்கவில்லை. தவிட்டைப் போட்டால் செவலை போய்விடும். வேண்டாம் என்று சொல்லியனுப்பினால் அண்ணன் மனசு ஒடிந்துவிடும். அதை விட்டால் கொடுப்பதற்கு அவனிடம் வேறு என்ன இருக்கிறது?

மறுநாள் வெள்ளனே எழுந்து அரிவாளோடு புல்லுக்குப் போனாள். பிறகு பச்சைப்புல்லும் குதிரைமசால் தழையும் டாக்டர் கொடுத்த சுண்ணாம்புப் பொடியும்தான். அந்த சீசன் போனது போனதுதான். புருஷனும் பெண்டாட்டியும் செண்பகனூர்த் தோட்டங்களில் மண் கொத்திக் கஞ்சி குடித்தார்கள். மழைக்காலம் முடிகையில் செவலையின் நொண்டல் நின்றது. முகம் மட்டும் கடைசிவரை வற்றவேயில்லை.

பழனியிலிருந்து மூட்டையும் நிற்கவில்லை. அதைப் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாளின் கோழிகள் தின்று கொழுத்தன.

அடுத்த வருஷம் நல்லுசாமி முதல்முறையாக மலையேறி வந்தான். குளிரில் பல் கிட்ட, காப்பியைக்கூடக் குடிக்காமல் நேரே குதிரையிடம் போனான். அந்த வீங்கிய முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். கல்யாணத்தன்று குனிந்த தலை அன்றுதான் நிமிர்ந்தது.

"எங்க மில்லுத் தவிடு, மச்சான். மூஞ்சி எப்பிடிப் பூரிச்சுக் கெடக்கு பாருங்க."

பொன்னுவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கண்மணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"ஆமாண்ணே," என்றாள் அவள். "மூட்டைய மட்டும் நிறுத்திராதண்ணே."