கடிகாரத்தின் மேல் ஒரு கோட்டு

அன்று கடிகாரத்தின் மேல் போர்த்தியது யாருடைய கோட்டு என்று அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்த லொரேன் ஷிமெக்குக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. சாம்பல் நிறம் என்பாள். பிறகு, பழுப்போ என்பாள். போர்த்தியது மட்டும் நிச்சயம்.

மாட்டுக் காய்ச்சல் வந்த வருடம். மக்கள் தேர்ந்தெடுத்த மாநில ஆளுநர் அவசரநிலை அறிவித்து மாட்டுச் சந்தைகளை மூடினார். காய்ச்சல் இரண்டே மாதத்தில் போய்விட்டது. அவசரநிலை போகவில்லை, மாதம் ஒரு கையெழுத்தாக ஒன்பது முறை நீண்டது. லொரேனின் தொகுதியில் மாட்டு ஏலக்காரர் ஹாவ்லிக்கின் கொட்டகை வாசலில் புல் முளைத்தது. முப்பது நாளைத் தாண்டினால் சட்டமன்றம் வாக்களித்தால்தான் அவசரநிலை நீடிக்கும் என்று லொரேன் ஒரு மசோதா கொண்டுவந்தாள். ஜெயிக்கத் தேவையான வாக்குகளும் அவளிடம் இருந்தன.

கூட்டத்தொடரின் கடைசி நாள். நண்பகல் பன்னிரண்டுக்குச் சபை முடிந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆளுநரின் நண்பரான உறுப்பினர் டோலஃப்சன், வாக்கெடுப்பு நடக்காமல் நேரத்தைக் கடத்தப் பத்தரைக்குப் பேச எழுந்தவர், பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதுதான் உட்கார்ந்தார்.

சபாநாயகர் தலையசைத்தார். காவலர் நாற்காலி மேல் ஏறிக் கடிகாரத்தைக் கோட்டால் மூடினார். சபையின் பழைய வழக்கம். கண்ணுக்குத் தெரியாத மணி ஓடாது என்பது கணக்கு.

"நிதானமா ஓட்டெடுக்கலாம், லொரேன். இங்க பன்னெண்டு அடிக்கிறது நான் சொல்லும்போதுதான்" என்றார் சபாநாயகர்.

சபை சிரித்தது. லொரேன் எழுந்தாள். ஹாவ்லிக்கின் வாசற்புல் கண்ணுக்குள் நின்றது.

"கோட்டை எடுக்கச் சொல்லுங்க, ஐயா."

"பைத்தியமா உனக்கு? சாகப்போறது உன் மசோதாம்மா!"

"சாகட்டும். முப்பது நாள்னு கணக்கு வைக்கச் சொல்லி ஆளுநருக்குச் சட்டம் போட்டுட்டு, நாம மணியை மூடி வச்சா அவரு சிரிக்க மாட்டாரா?"

டோலஃப்சன் மேசையைத் தட்டினார். "ஒன்றரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில நீயே என்னை ஜெயிக்க வச்சிட்டியே!"

"ஜனவரியில வரேன். தொண்டைக்குத் தேன் வாங்கி வச்சுக்குங்க."

கோட்டை எடுத்தார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டி மூன்று நிமிடம். சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். லொரேன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு, தோற்றவளின் நடை இல்லாமல் வெளியே போனாள்.

ஜனவரியில் அடுத்த கூட்டத்தொடர் கூடியதும் முதல் மசோதாவாக அதுவே வந்தது. டோலஃப்சனும் ஆதரித்து வாக்களித்தார். ஆளுநர் கையெழுத்திட மறுத்தார். மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் சபை அவர் மறுப்பை மீறி அதை நிறைவேற்றியது. மார்ச்சில் சந்தை திறந்தது. அதற்குள் ஹாவ்லிக் கொட்டகையை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் பிறகு லொரேனுடன் பேசவே இல்லை. ஆளுநர் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. லொரேன் இன்னும் இரண்டு முறை ஜெயித்து, பிறகு தன் மாடுகளிடம் திரும்பினாள். அந்தக் கடிகாரத்தை அப்புறம் யாரும் மூடவில்லை.