இருப்பவர்களுக்கு இடமில்லை

கணவரின் முகத்திலிருந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றப் போன உபதேசியாரின் கையை ராஜமேரி தடுத்தாள்.

"இருக்கட்டுங்க. அது இல்லாம அவருக்கு வாசப்படிகூடத் தெரியாது."

உபதேசியார் கையை எடுத்துக்கொண்டார். அருள்சாமியின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றி, ஜெபத்தை ஆரம்பித்தார். விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை.

காரிமங்கலத்து வீடு கூட்டத்தைத் தாங்கவில்லை. மாணவர்கள் தெருவை அடைத்து நின்றார்கள். நாத்தனார் மதலேனம்மாள் ஊருக்கே கேட்க அழுதாள். ராஜமேரிக்கு அழுகை வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இரண்டே பேர்தான், பிள்ளை இல்லை. சாயங்காலம் இத்தனை பேரும் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அப்புறம் அவள் ஒருத்திதான்.

அருள்சாமி தர்மபுரியில் கல்லூரித் தமிழாசிரியர். கவிதையும் எழுதுவார். சொந்தச் செலவில் ஒரே ஒரு புத்தகம் போட்டார். அதில் பாதி இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. எழுதியதை முதலில் அவளிடம்தான் படித்துக் காட்டுவார். ராகி மாவைச் சலித்துக்கொண்டே கேட்டுவிட்டு, உப்பு கம்மி என்பாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய், இரண்டு வரியை அடித்துத் திருத்திக்கொண்டு மறுபடி வந்து நிற்பார்.

பி.ஏ. கவிதைத் தாளுக்குப் புதுப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவில் இந்த வருஷம் அவரையும் போட்டிருந்தார்கள். முதல் கூட்டத்திலேயே ஆளுக்கொரு சிபாரிசு. ஒருவர் மைத்துனர் எழுதியதை நீட்டினார். இன்னொருவர் கூச்சநாச்சமில்லாமல் தன்னுடையதையே நீட்டினார். அருள்சாமிக்குப் பொறுக்கவில்லை. உயிரோடு இருக்கிற கவிஞர் ஒருத்தரும் பாடத்தில் வேண்டாம் என்று மல்லுக்கட்டி, அதையே விதியாக்கிவிட்டு வந்தார்.

ஜெயித்த பெருமையோடு வீடு வந்தவரை ராஜமேரி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அடுத்தவனுக்குச் சாத்திய கதவு உங்களுக்கும் சேர்த்துத்தானே என்று கேட்டாள். தன் கவிதை ஒன்றாவது வகுப்பில் ஒலிக்க வேண்டும் என்று அவர் ஏங்கியது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் சிரித்தார்.

"நான் இருக்கற வரைக்கும் நடக்காது மேரி. விடு."

ஜெபம் முடிந்த சமயம் கிருஷ்ணப்பன் சமையலறைப் பக்கம் வந்தார். அருள்சாமியைவிட வயதில் இளையவர், அதே துறை, அதே குழு. அழுது அழுது கண் சிவந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து கவிஞர் பட்டியலை எடுத்து விரித்தார். இரண்டொரு நாளில் அது அச்சுக்குப் போகிறதாம். காலையிலேயே குழுத் தலைவருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசிவிட்டாராம்.

"ஐயா போட்ட ரூல்தாங்க்கா. இப்ப அதால ஐயாவுக்குத் தடை ஒண்ணும் இல்லீங்க. நீங்க ஒரு கவிதைய எடுத்துக் குடுத்தாப் போதும்."

பட்டியலின் கடைசியில் பென்சிலால் அருள்சாமி என்று எழுதியிருந்தது. ராஜமேரி பெயர்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். இதற்காகத்தான் அன்றைக்கு அவரோடு அத்தனை சண்டை போட்டாள்.

"இதுல இருக்கறவங்க எல்லாருமே போய்ச் சேந்தவங்கதானுங்களா?"

"ஆமாங்க்கா."

அந்த வரிசையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்ப அவர எடுத்துருங்க தம்பி."

கிருஷ்ணப்பன் திகைத்துப் போனார். இதை விட்டால் பாடத்திட்டம் மறுபடி எப்போது மாறுமோ, ஐயாவின் ஆசையல்லவா என்று கெஞ்சிப் பார்த்தார். ஐயா மேல் ஏதாவது கோபமா என்றும் கேட்டார். ராஜமேரி இல்லை என்று தலையாட்டினாள்.

"ஆசதாங்க. எனக்குந்தான் ஆச. இப்ப வேணாம்."

வாசலில் சவப்பெட்டி வந்து இறங்கிய சத்தம் கேட்டது. மதலேனம்மாளின் குரல் உயர்ந்தது. கிருஷ்ணப்பன் பட்டியலை அடுப்பு மேடையில் வைத்து, பென்சிலின் பின்பக்க ரப்பரால் பெயரை அழித்துவிட்டு மடிக்கப் போனார்.

ராஜமேரி குனிந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தெரியுதுங்க" என்றாள்.

கிருஷ்ணப்பன் மறுபடியும் அழித்தார்.