மட்டம் தட்டிய ஆறு

ஓர் ஆற்றைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நீளம் ஒரு சாப்பாட்டு மேஜை அளவு, அகலம் இரண்டு விரல். பார்த்துப் பார்த்து அதை உண்டாக்கினான் ஒருத்தன். யாருக்காக உண்டாக்கினானோ அவர் கை வைத்ததும் ஆற்றைக் காணவில்லை. எப்படி என்கிறீர்களா? பக்கத்தில் வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வருஷங்கள் ஆகியும் அந்தப் பெயர் அவரை விட்டு இறங்கவில்லை. கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும் தெரிகிற நிலைக்கு வந்திருந்தது. அதற்காக மனிதர் மூலையில் முடங்கிவிடவில்லை. வெங்காயம் உரிப்பார், மனைவியின் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவார், ரேடியோவோடு சண்டை போடுவார். ஞாயிற்றுக்கிழமைப் போரைத்தான் விட்டுவிட்டார்.

போர் என்றால் பயந்துவிடாதீர்கள். அவருக்கும் மனைவியின் தம்பிக்கும் மேஜை மேல் நடக்கிற போர். விரல் உயரச் சிப்பாய்களை இரண்டு பக்கமும் நிறுத்தி, நாடா பிடித்துத் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடுவார்கள்; எண் பெரிதாக விழுந்தால்தான் அடி பலிக்கும். நீலத் துணியை நீட்டிப் போட்டால் ஆறு. பழுப்புக் காகிதத்தைக் கிழித்து வைத்தால் பதுங்குகுழி. கண் இருக்கிறவனுக்கு அது போதும். தடவிப் பார்க்கிற விரலுக்கோ துணியும் ஒன்றுதான், பலகையும் ஒன்றுதான். ஆறு எங்கே என்று தேடிப் போகிற கை, வழியில் நிற்கிற குதிரைப்படையைக் கூண்டோடு சாய்த்துவிடும்.

சாய்ந்ததைக் கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி விட்டுக்கொடுக்க ஆரம்பித்தானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "மாமா, உங்க பீரங்கியில இனிமே பூச்செடி வச்சுக்கலாம்" என்று நக்கலடித்துக்கொண்டிருந்தவன், "அடடா, தோத்துட்டேனே மாமா" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். டிரைவர் வாராவாரம் ஜெயித்தார். ஜெயிக்க ஜெயிக்க முகம் செத்துப்போயிற்று. பிறகு தலைவலி, இடுப்புவலி என்று சாக்குச் சொல்லி மட்டம் போடத் தொடங்கினார்.

"மாமாவுக்கு என் மேல என்னக்கா கோபம்?" என்று தம்பி கேட்டான்.

"நீ விட்டுக்கொடுக்குறது அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கண்ணுதான்டா போச்சு, புத்தி போகலை."

"ஆறு எங்க இருக்குன்னே தெரியாதவரை எப்படிக்கா போட்டு அடிக்கிறது?"

"அப்ப தெரியற மாதிரி ஒரு ஆறு செய்யேன்."

அது தம்பிக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் டைல்ஸ் போடுகிறவன். ரசமட்டத்தைத் தரையில் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்துப் பார்த்தே கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துபோனவன். வேலை முடிந்து வந்ததும் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்துவிடுவான். மேஜையைத் தோண்ட முடியாதல்லவா? ஒட்டுப்பலகை மேல் கனமான தெர்மாகோல் அட்டையை ஒட்டி, அதை ஒரு விரல்கணு ஆழத்துக்கு வெட்டி எடுத்தான். வளைந்து வளைந்து ஆறு, அதிலிருந்து கிளை பிரிகிற பதுங்குகுழிகள், அங்கங்கே குண்டு விழுந்த பள்ளம். கரையெங்கும் பசை தடவி மணல் தூவினான். மாமாவின் விரல் பள்ளத்துக்குள் இறங்கி நடந்து போனால் கரையில் நிற்கிற ஒரு சிப்பாயும் சாயாது. அதுதான் அவன் கணக்கு.

ஒரு ஞாயிறு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தான். அக்கா வாயைப் பிளந்துவிட்டாள்.

"டேய், தண்ணியில முகம் பார்த்துப் பொட்டு வச்சுக்கலாம் போலிருக்கே."

"கண்ணாடி மாதிரி இறுகுற பிசின்க்கா. மழை பெஞ்ச மாதிரி இருக்கட்டும்னு குழியிலயும் ஊத்திட்டேன். மாமா, கையைக் குடுங்க."

டிரைவர் கையை நீட்டினார். தம்பி அதைப் பிடித்துப் பலகை மேல் வைத்தான். விரல்கள் இப்படிப் போயின, அப்படிப் போயின, திரும்பி வந்தன.

"மாப்ள, ஆறு எங்க?"

"உங்க கை ஆத்துலதான் மாமா இருக்கு."

விரல் இன்னொரு தரம் தேடியது. சொரசொரப்பு, வழவழப்பு, மறுபடி சொரசொரப்பு. இறங்குகிற இடமே இல்லை. பக்கத்தில் தம்பி நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைப்பது கேட்டது. எத்தனை சாயங்காலங்களை இதில் கொட்டியிருப்பான் என்று டிரைவருக்குத் தெரியும். அற்புதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அப்படிச் சொன்னால், அவன் தோற்றுக் கொடுத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"உள்ளதைச் சொல்லிடறேன் மாப்ள. ஆறு என் கைக்கு வரலை."

தம்பி கண்ணை மூடிக்கொண்டு தானே தடவிப் பார்த்தான்.

"கரை மட்டத்துக்கு ஊத்திட்டேன் மாமா" என்றான் கடைசியில்.

"ரசமட்டம் வச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"குமிழி நடுவுல நின்னுதா?"

"நின்னுது மாமா. அம்சமா நின்னுது."

டிரைவருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. "என்னை மட்டம் தட்டினவங்க நிறையப் பேர் உண்டு மாப்ள. ஆத்தையே மட்டம் தட்டினவன் நீ ஒருத்தன்தான்."

தம்பியும் சிரித்தான். "கையில பள்ளம் பட்டாலே நிரப்பணும்னு தோணிடுது மாமா. இது கல்லு மாதிரி இறுகிப்போச்சு, தோண்டி எடுக்க முடியாது. தூக்கிப் போட்டுட்டு வேற செஞ்சு கொண்டாரேன்."

"எதைத் தூக்கிப் போடுவ?" என்றாள் அக்கா. "சட்டைக்குப் பாக்கெட் வைக்கிறவ துணியைத் தோண்டுறாளா? மேல இன்னொரு துணியை வச்சுத் தைக்கிறா. உன் ஆறு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். கரையைத் தூக்கு."

தம்பி உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு அட்டையோடு வந்தான்.

அன்றைக்குப் பகல் முழுக்க அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, கடைப் பன்னும் டீயும்தான். டிரைவர் இரண்டு விரலை ஒட்டிவைத்துப் புது அட்டை மேல் நடத்தினார். மனைவி தையல் சாக்பீஸால் விரலின் இரு பக்கமும் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஆற்றுக்கு மட்டும் பழைய வளைவையே பின்பற்றினார்கள். மற்ற வழிகள் எல்லாம் டிரைவர் இஷ்டம். "இவ்வளவு ஒடிச்சுத் திருப்பாதே, எந்த வண்டியும் திரும்பாது" என்று தன் விரலுக்கே உத்தரவு போட்டுக்கொண்டார். தம்பி கோட்டோடு வெட்டினான், பழைய பலகை மேல் ஒட்டினான், கரையிலும் குழிகளின் அடியிலும் மணல் தூவினான். ஆற்றில் மட்டும் ஒன்றும் தூவவில்லை.

பசை காய்ந்ததும் டிரைவர் கையை வைத்தார். சொரசொரவென்று கரை; அப்புறம் விரல் சட்டென்று இறங்கியது. அடியில் வழுக்கலாக, குளிர்ச்சியாக ஏதோ தொட்டது.

"தண்ணி ஜில்லுனு இருக்கு மாப்ள" என்றார். விரலை எடுக்காமல் அடுத்த வளைவுவரை நடத்திப் பார்த்தார். மனைவி டீ டம்ளரை நீட்டினாள்.

அடுத்த ஞாயிறு இடுப்புவலி வரவில்லை. படைகள் இறங்கின. பகடையை மனைவி பார்த்துச் சொன்னாள், நாடாவையும் அவளே பிடித்தாள். டிரைவரின் விரல் ஆற்றோடு போய், கிளைக்குழியில் திரும்பி, தன் ஆட்களுக்கு வழி பார்த்துக்கொண்டே மெல்ல முன்னேறியது. கரையில் குதிரைகள் அசையாமல் நின்றன. கடைசி வளைவில் விரல் நின்றுவிட்டது. எதுவோ ஊசி மாதிரி குத்தியது. குட்டித் துப்பாக்கி. அதன் பின்னால் ஒரு தொப்பி. அதற்கும் பின்னால் இன்னும் ரெண்டு பேர்.

"மாப்ள, என் ரோட்டுல யாரோ நிக்கிறான்."

"அப்படியா மாமா?" என்றான் தம்பி, ஒன்றும் தெரியாதவன்போல.

"அடப்பாவி, எப்படா வச்ச?" என்றாள் அக்கா.

"முதல்லயே வச்சாச்சு. ஆளை ஒளிச்சு வைக்கிறது ஆட்டத்துல உள்ளதுதானே. இன்னும் ஒரு அடி வந்திருந்தா மாமாவோட படை மொத்தமும் காலி."

டிரைவர் விரலை எடுக்கவில்லை. ஒளிந்து நின்று தன்னைக் கவிழ்க்கக் காத்திருந்த அந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார், பேரப்பிள்ளைகளின் தலையைத் தடவுகிற மாதிரி. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"நன்றி மாப்ள" என்றார்.

"என்ன மாமா, கவுன்டர்ல டோக்கன் வாங்கின மாதிரி நன்றிங்கிறீங்க? உங்களைக் கொல்லத்தானே அவனுங்களை வச்சேன்."

"அதுக்குத்தான்."

அந்த மூன்று பேரையும் அடிக்கப் பகடையை வாங்கி, இரண்டு கையாலும் பொத்திக் குலுக்கி உருட்டினார். மனைவி குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுதாங்க" என்றாள், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.