துணிக்கடை பொம்மை பிடித்த கயிறு

தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற ரோச்சுக்குத் தன் சிலையைப் பார்த்ததும் பெருமை பிடிபடவில்லை. புதிதாகத் திறக்கப்போகும் கடற்கரை வாழ்வியல் அருங்காட்சியகத்தில், முத்துக்குளிப்பவனாக அவன் முகத்தையே அச்செடுத்து வைத்திருந்தார்கள். நீலம் பூசிய தரைதான் கடல். சிலையின் இடுப்பில் கயிறு. அந்தக் கயிறு போய் முடிகிற தோணியைப் பார்த்தானோ இல்லையோ, ரோச்சின் பெருமையெல்லாம் இறங்கிவிட்டது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு துணிக்கடை பொம்மை. ரோஸ் கலர் உதடு, படிய வாரிய கிராப்பு, முகமெல்லாம் சிரிப்பு.

இதில் என்ன குடி முழுகிப் போச்சு என்று உங்களுக்குத் தோன்றும். அந்தக் கடற்கரையில் கடலில் முங்குகிறவனை மேலே இழுக்கிற கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிக்க வேண்டும். மற்றவன் கை அசந்துவிடும். கூடப் பிறந்தவளின் தாலியைக் காப்பாற்ற வேண்டியவன் கை அசராது. அதுதான் கணக்கு.

"யாருன்னே தெரியாதவன் கையில என் உசுரக் குடுத்திருக்கியளே சார். சிரிக்கான் வேற," என்றான் ரோச்.

காப்பாட்சியர் நேசக்குமார் தலையில் அடித்துக்கொண்டார். இது வெறும் பிளாஸ்டர், கீழே தண்ணீர்கூடக் கிடையாது, விடிந்தால் திறப்பு விழா என்று படித்துப் படித்துச் சொன்னார். ரோச் கேட்டால்தானே! மச்சினன் வராவிட்டால் தன் தலையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதாக ஒரே பிடியாக நின்றான்.

சரி, மச்சினனைக் கூப்பிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ரோச்சும் அவன் மனைவி ஹில்டாவின் தம்பி கஸ்பாரும் பேசி மூன்று வருஷம் ஆயிற்று. ரோச் வீட்டு விருந்தில், அத்தனை பேர் முன்னால், பிரியாணியில் உப்பில்லை என்று கஸ்பார் சொல்லிவிட்டான். உப்பளத்து ஊரில் போய் அப்படிச் சொன்னால் எவன் பொறுப்பான்?

விஷயம் தெரிந்ததும் ஹில்டா இரண்டு பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். பேச வேண்டாம், கயிற்றைப் பிடித்தால் போதும் என்று தம்பிக்கு உத்தரவு போட்டாள். முகத்தை அச்செடுக்க நேரமில்லை. ஆகவே காலையில் பொம்மை ஸ்டோர் ரூமுக்குப் போனது. சிலைக்கு அடித்த மிச்சப் பெயிண்டை முகத்தில் பூசிக்கொண்டு கஸ்பாரே தோணியில் ஏறி நின்றான். ரோச் ஓரமாக நின்று வேறு பக்கம் பார்த்தான்.

திறந்துவைக்க வந்த அதிகாரிக்குக் கயிற்றைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை வந்துவிட்டது. சிலையின் கையிலிருந்து உருவிப் பார்த்தார். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். சிலைக்கு வியர்த்தது. நேசக்குமாருக்கு அதைவிட அதிகமாக வியர்த்தது. கொஞ்சம் விடுங்களேன் என்று அவரே சிலையிடம் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

"செத்தாலும் விடமாட்டேன் சார். கீழ எங்க அத்தான் கெடக்காரு," என்றது சிலை.

அதிகாரி கயிற்றை விட்டுவிட்டுப் பொத்தென்று கடலில் உட்கார்ந்தார்.

இந்தப் பயலோடா மூன்று வருஷம் முகங்கொடுக்காமல் இருந்தோம் என்று ரோச்சுக்கு வெட்கமாக இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், நீலத் தரையில் தன் சிலைக்குப் பக்கத்தில் நின்று, தோணியை அண்ணாந்து பார்த்தான்.

"மேல இழு மச்சான்," என்றான். "மூச்சு முட்டுது."