ஈரம் நூற்றுக்கு மூன்று

பாறைக்கு அடியில் கையை விட்டதும் முதலில் தட்டுப்படுவது தண்ணீர், அதற்கப்புறம்தான் பெட்டி, இழுக்கும்போதே உள்ளே சளக்கென்கிறது, அவர் மூடியைத் திறக்கிறார், கலங்கிய தண்ணீரில் ஒரு நோட்டு ஊறிக் கூழாகிக் கிடக்கிறது, அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு கடித உறை, பிரிக்கப் போனால் காகிதம் அவர் விரலோடு வந்துவிடுகிறது, மை கரைந்து உள்ளங்கையெல்லாம் நீலம், நான் குடையைப் பிடித்தபடி பின்னால் நிற்கிறேன், எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம், அவர் தோள் குலுங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன், வந்துட்டுப் போயிருக்கா, என்கிறார், இவ்வளவு தூரம் வந்து, இதைப் பாத்துட்டு, வீட்டுக்கு வராமலே போயிருக்கா.

அவள் என்றால் பெனிட்டா, அவருடைய மகள், என்னுடையவள் இல்லை, வால்பாறை பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கும் இஸ்ரவேலை நாற்பத்திரண்டு வயதில் நான் கட்டிக்கொண்டபோது கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த அவள் வரவில்லை, அதன் பிறகு அப்பாவின் போனை எடுக்கவும் இல்லை, அவளுடைய அம்மா இறந்த வருஷத்தில், வீட்டுக்குள் இருக்க முடியாமல், அப்பாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்களாம், ஜியோகேஷ் என்பார் அவர், உலகம் முழுக்க யார் யாரோ ஒரு பெட்டியில் நோட்டும் சின்னச் சின்னச் சாமானும் போட்டு எங்காவது ஒளித்துவைத்து, இடத்தின் குறிப்பை மட்டும் இணையத்தில் போட்டுவிடுவார்களாம், தேடிக் கண்டுபிடித்தவர் நோட்டில் பேரெழுதிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டுமாம், கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை, மகளிடம் பேச வேறு வழியில்லாமல் அந்தப் பாறைக்கடியில் அவர் ஒரு பெட்டியை வைத்திருந்தார், உள்ளே அவளுக்கு ஒரு கடிதம், ஜூலையில், நாங்கள் குடையோடு பாறைக்குப் போன அன்று காலையில், அவருடைய போனில் அவளுடைய குறிப்பு வந்து விழுந்தது, பெட்டி முழுக்கத் தண்ணீர், எதையும் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான், அப்பா என்றுகூட இல்லை.

அவர் மறுபடி எழுதினார், மறுபடி வைத்தார், பாலிதீன் உறைக்குள் உறை போட்டார், அரிசியைத் துணியில் முடிந்துபோட்டார், ஒரே வாரத்தில் அரிசி பூத்துப்போனது, மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் வெள்ளைப் பொட்டலங்களைக் கடையிலிருந்து கைநிறைய அள்ளிவந்து போட்டார், அவையும் குடித்த மட்டும் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தன, மூன்றாவது கடிதமும் போயிற்று, நான் மத்தியானம் கண்ணயர்ந்தால் அந்தப் பெட்டிதான் வருகிறது, திறக்கிறேன், உள்ளே மழை பெய்துகொண்டிருக்கிறது, வெளியே வெயில், நான் மூடியை வைத்து மழையை அழுத்தி அழுத்தி மூடுகிறேன், விழித்துக்கொண்டு யோசித்தேன், பதினெட்டு வருஷமாகத் தேயிலை ஃபேக்டரியில் நான் பார்க்கிற வேலையே இதுதானே, தூளில் ஈரம் நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும், தாண்டாமல் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம், ஆனால் அது அவர்கள் இருவருக்குமான பெட்டி, நான் எப்படிக் கை வைப்பது என்று இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன், பிறகு ஒருநாள் சோறு போடும்போது கேட்டேவிட்டேன், அந்தப் பெட்டிய ஒரு தடவ நான் பாக்கட்டுமா?

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார், உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், என்றார், கஷ்டமில்ல, என் வேலை, என்றேன்.

பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன், குமிழி வரவில்லை, பெட்டியில் குறையில்லை, குறை மூடுகிற விதத்தில், அவசரத்தில் உள்ளே வைக்கும் உறையின் நுனி மூடியின் ரப்பர் வளையத்தில் மாட்டிக்கொள்கிறது, அந்த நூலளவு வழி போதும் மலை மழைக்கு, அது மாட்டாத நாளிலும் அவர் தூறலில் நின்று ஈரக் கையோடு மூடுகிறார், அந்தக் காற்றே ஈரம், உள்ளே போய்க் குளிர்ந்து வேர்க்கிறது, தண்ணி வெளியிலேர்ந்து மட்டும் வரலைங்க, நீங்களும் உள்ள வச்சு மூடுறீங்க, என்று சொன்னேன், நாலாவது கடிதத்தைப் பென்சிலில் எழுதச் சொன்னேன், ஃபேக்டரியில் தூளை உலர்த்தும் ட்ரையர் ஓடும் அறையில் நோட்டையும் கடிதத்தையும் காயவைத்து, ரப்பர் வளையத்தைத் துடைத்து, அங்கேயே மூடினேன், பாறைக்கு அடியில் தரையில் வைக்காமல், உள்ளே கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பிளவு இருந்தது, அதில் தலைகீழாகச் செருகிவைத்தோம், பெட்டி சரிசெய்யப்பட்டது என்று அவர் இணையத்தில் ஒரு வரி போட்டார், ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பர் போயிற்று, அரைநாள் லீவு கிடைக்கும் சனிக்கிழமைகளில் நான் மட்டும் போய்ப் பார்ப்பேன், திறக்கமாட்டேன், குலுக்கிப் பார்ப்பேன், காய்ந்த காகிதத்தின் சத்தம் கேட்டதும் திரும்பிவிடுவேன்.

ஐப்பசியில், விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மேலேறிப் போகிறேன், பாறைக்கு அடியில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பெட்டி, மூடி திறந்திருக்கிறது, போட்டோவில் பார்த்த முகம், என்னைப் பார்த்ததும் அவளுக்கும் தெரிந்துவிட்டது, நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லியிருக்கலாம், அவளுடைய விரல் நுனியில் ஒரு சொட்டு உறையின் மேல் விழப்போவதுதான் கண்ணில் பட்டது, ஏய், கையைத் துடைச்சிட்டுத் தொடு, என்று கத்திவிட்டேன், அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, எதுல துடைக்க, எல்லாமே நனைஞ்சிருக்கு, என்றாள் எரிச்சலாக, நான் என் மழைக்கோட்டின் பொத்தானைக் கழற்றி உள்ளேயிருந்து முந்தானையை நீட்டினேன், அது காய்ந்திருந்தது, அவள் கொஞ்சம் யோசித்தாள், பிறகு விரல் விரலாகத் துடைத்தாள்.

படித்து முடிக்கும்வரை நான் பாறை ஓரத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, திரும்பவில்லை, இதை நீங்க படிச்சீங்களா, என்றாள், இல்ல, என்றேன், நீங்கதான் பெட்டிய மூடப்போறதா அப்பா எழுதியிருக்கார், ஆமா, மூடுனேன், அப்புறம் ஏன் படிக்கல, எனக்கு எழுதலையே, என்றேன், அவள் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள், நோட்டில் பேரும் தேதியும் எழுதினாள், மூடியை எடுத்தாள், இங்க மூடாத, என்றேன், இந்தக் காத்துல மூடினா நாலு நாள்ல உள்ள வேர்த்திரும்.

அப்ப வெயில் வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கணுமா?

வெயில் இன்னிக்கு வராது, நான் ஃபேக்டரில ட்ரையர் பக்கத்துல வச்சுத்தான் மூடுவேன், நீ போ, மூணரைக்கு உனக்கு பஸ் இருக்கு, நான் மூடிக் கொண்டுவந்து வச்சிடுறேன், என்றேன், அவள் கீழே சாலையைப் பார்க்கிறாள், வளைவில் பஸ்ஸின் விளக்கு மூட்டத்துக்குள் மங்கலாக ஏறி வருகிறது, பார்த்துக்கொண்டே பெட்டியை மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துப் பொத்தானைப் போடுகிறாள், காலையில போய்க்கிறேன், என்கிறாள், அப்பாவுக்கு போன் பண்ணாதீங்க, மூடிட்டு நானே கடைக்குப் போறேன், சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் இறங்குகிறாள், வழுக்கும் இடத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறாள், உங்க ஃபேக்டரிக்கு இப்படிப் போகணுமா, அப்படியா?