எங்கள் தெருவின் பூஜ்யம்

போலீஸ் உங்கள் வீட்டு வண்டியை எத்தனை தடவை மறித்தது என்று அந்தப் பெண் கேட்டபோது, "ஒரு தடவைகூட இல்லை" என்று பதில் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் வேறு யார் மேலாவது பழியைப் போட எனக்கு ஆசை வந்துவிடக் கூடாது.

என் பெயர் சைபுதீன். குளச்சலில் முப்பத்தெட்டு வருடம் துணிக்கடை வைத்திருந்தேன். என் வாப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஆண்பிள்ளை ஒருவனும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. எங்கள் தெருவில் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் என்னிடம் விசாரித்துவிட்டுத்தான் பெண் வீட்டுக்குள் நுழைவார்கள். அப்படி ஒரு பெயர். அதைக் காப்பாற்றுவது என் வேலை என்று நினைத்திருந்தேன், இன்றும் நினைக்கிறேன்.

வந்தவர் பெயர் பிரிஜா. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிற டீச்சர். கையில் ஒரு கட்டுப் படிவம் இருந்தது.

"மறிக்கிற இடத்துல நின்னு பாத்தா எண்ணிக்கை மட்டுந்தான் கெடைக்கும் ஐயா" என்றார். "யாரை மறிச்சாவ, அவரு எந்த ஊருன்னு முகத்தப் பாத்து எழுத முடியாதுல்லா. அதான் வீடு வீடா வாறோம். நாஞ்சில் நாட்டுல ஒரு வயல் ஊரு, கடற்கரையில ஒரு ஊரு, பொறவு உங்க தெரு. மூணு ஊர்க்காரரும் அந்த ஒரே ரோட்டுலதான் போறாவ. போற எண்ணிக்கை எவ்வளவு, மறிச்ச எண்ணிக்கை எவ்வளவுன்னு பாக்கணும்."

அவர் வருகிற விஷயம் எனக்கு முந்தின நாளே தெரியும். ஜமாத் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சாயங்காலமே நான் வீடு வீடாக நடந்துவிட்டேன். "நம்ம தெருவுல கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளைகள் பதினேழு பேர் உண்டு. போலீஸ் பிடிச்ச வீடுன்னு காகிதத்துல ஏறினா பொறவு எவன் வருவான்? கேட்டா ஒரு தடவைகூட இல்லன்னு சொல்லுங்க" என்றேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

"சும்மா லைசென்ஸ் பாக்க நிப்பாட்டினாலும் சேத்துக்கணும் ஐயா" என்றார் பிரிஜா டீச்சர்.

"இல்லன்னு சொன்னேன்லா."

அவர் ஒரு கோடு இழுத்தார். அதற்குக் கீழே எத்தனையோ கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்க வேண்டி வரவில்லை. நாற்பத்தொரு வீட்டிலும் அதே பதில்.

என் மகன் சபீர் ஏ.சி. மெக்கானிக். கத்தாரில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். பைக்கில் கருவிப் பையோடு தக்கலை, இரணியல், முட்டம் என்று போய்வருவான். அந்த ரோட்டில் ஒரு முக்கில் போலீஸ் நிற்கும். முக்கின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே நிற்கிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், மறிக்கப்படுகிறவர்கள்தான் மாறுவதில்லை. ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கும் பைய ரோட்டுல கொட்டச் சொல்லிட்டான் வாப்பா" என்றான். "வாசல்ல நின்னு சொல்லாத, உள்ள வா" என்றேன். உள்ளே வந்தான். வந்த பிறகு நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் சொல்லவும் இல்லை.

கணக்கெடுப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அவனை மறுபடி மறித்து நனைந்த ரோட்டில் கருவிகளைப் பரப்பச் சொல்லியிருக்கிறார்கள். அவன் கேட்டுவிட்டான்: "எனக்கு முன்னால பதினொரு வண்டி போச்சு சார். எண்ணிக்கிட்டேதான் வந்தேன். எனக்கு மட்டும் எதுக்கு?" அவ்வளவுதான். பணி செய்யவிடாமல் தடுத்ததாகவும் கெட்ட வார்த்தை பேசியதாகவும் வழக்கு. என் வீட்டுப் பிள்ளை வாயில் கெட்ட வார்த்தை வராது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

தோஹாவில் அவனுக்குப் புது வேலை சரியாகியிருந்தது. போலீஸ் கிளியரன்ஸ் இல்லாமல் விசா அடிக்க மாட்டார்கள். வழக்கு இருக்கிறவரை கிளியரன்ஸ் கிடையாது. அந்தக் கம்பெனி மார்ச் கடைசிவரை காத்திருப்பதாகச் சொன்னது.

வக்கீல் செல்வதாஸ் கடியப்பட்டணம் என்கிற கடற்கரை ஊர்க்காரர். உரக்கப் பேசுகிறவர். எங்கள் தெரு வழக்கப்படி என்னைக் 'காக்கா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். எங்களை உட்காரவைத்து ஒரு கடிதத்தைப் பிரித்தார்.

"காக்கா, மறிக்கிறதுல பாரபட்சம் உண்டு, அதைக் கேட்டதுக்குத்தான் இந்தக் கேஸுன்னு மேலதிகாரிக்கு ஒரு மனு போட்டோம்லா. பதில் வந்துட்டு. கேளுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "'மனுதாரர் வசிக்கும் தெருவில் ஒரு கல்லூரி நடத்திய கணக்கெடுப்பில், கடந்த ஆறு மாதங்களில் வாகனச் சோதனைக்கு உள்ளானதாக ஒருவர்கூடத் தெரிவிக்கவில்லை. எனவே பாரபட்சம் என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை.'"

கடிதத்தை மேஜையில் போட்டார். "வயல் ஊருல பத்துக்கு நாலு பேரு மறிச்சாவன்னு சொல்லியிருக்கான். எங்க கடற்கரையில பத்துக்கு எட்டு. எங்க ஆளுவ ஒண்ண ரெண்டாத்தான் சொல்லுவாவ, பாதியா வச்சாலும் நாலு நிக்கும். உங்க தெரு மட்டும் பூஜ்யம்! என்ன காக்கா, உங்க ஆளுவளுக்கு அந்த முக்குல சல்யூட் அடிச்சா அனுப்புகாவ?"

சபீர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். 'எங்க வாப்பாதான் சொல்லச் சொன்னாவ' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அந்த மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. முன்வாசலிலிருந்து கொல்லைவரை, கொல்லையிலிருந்து முன்வாசல்வரை நடந்தேன். என் மனைவி இருந்திருந்தால், "தறி நாடா மாதிரி எதுக்கு இங்கயும் அங்கயும் ஓடுதிய?" என்று கேட்டிருப்பாள். அவள் போய் ஆறு வருடமாகிறது.

மறுநாள் தாணுமாலயன் வந்தார். தேரூர்க்காரர், வயலும் வாழையுமாக இருப்பவர். கடை இருந்த முப்பத்தெட்டு வருடமும் என் கடை வேட்டிதான் கட்டினார். வழக்கு விஷயம் கேள்விப்பட்டு ஆறுதல் சொல்ல வந்தவர், உட்கார்ந்ததும் தன் கதையை எடுத்துவிட்டார்.

"என்னையும் ரெண்டு தடவ மறிச்சான் ஓய். ஹெல்மெட் எங்கன்னான். 'எனக்கு மண்டை காஞ்சு கருப்பட்டியா ஆயாச்சு, இனி உடைய என்ன கெடக்கு'ன்னேன். சிரிச்சிட்டான். எந்த ஊருன்னான், சொன்னேன். 'பாத்துப் போங்க பாட்டா'ன்னு அவனே வண்டியத் திருப்பி விட்டான். அந்த டீச்சர் பிள்ள வந்து கேட்டப்ப இதையெல்லாம் விஸ்தாரமாச் சொன்னேன். நல்லாச் சிரிச்சா."

நானும் சிரித்தேன். என் கதையை அவரிடம் சொல்லவில்லை. என்னையும் ஒரு தடவை மறித்திருக்கிறார்கள். தக்கலையில் ஒரு கல்யாணத்துக்காக, தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனபோது. என்னிடமும் ஊரைத்தான் கேட்டார்கள். பிறகு பெயரைக் கேட்டார்கள். பிறகு தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிக் கொடுத்தேன். உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அந்த ரோட்டோரத்தில் இருபத்தைந்து நிமிடம் தலையில் ஒன்றுமில்லாமல் நின்றேன். தாணுமாலயனுக்கும் எனக்கும் ஒரே வயது.

படிவத்தில் எத்தனை நிமிடம் நிற்கவைத்தார்கள் என்று ஒரு கேள்வி இருந்ததாம். அதுவரை போக நான் விடவில்லை.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அந்த முக்கில் உள்ள டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிவரை ஒரு தாளில் கோடு போட்டேன். நான்கு டீ குடித்தேன். மறித்த வண்டி இருபத்தாறு. ஒன்பது பேர் நம் ஆட்கள். ஏழு பேர் பின்னால் மீன்பெட்டி கட்டியவர்கள். பத்துப் பேர் யாரென்று தெரியவில்லை. அங்கிருந்தே பஸ் பிடித்து நாகர்கோவில் போய் அந்தத் தாளை பிரிஜா டீச்சர் மேஜையில் வைத்தேன். நடந்ததையும் சொன்னேன். ஒளிக்கவில்லை.

அவர் தாளைப் பார்த்தார். "ஒம்பது பேரு உங்க ஆளுன்னு எப்படி எழுதினிய?"

"தாடி, தொப்பி. ரெண்டு மூணு பேரு தெரிஞ்ச முகம்."

"உங்க மகனுக்குத் தாடி உண்டா?"

"கிடையாது."

"அப்ப அவரு வந்து நின்னிருந்தா, தெரியாத பத்தோட பதினொண்ணா சேந்திருப்பாரு. நீங்க இல்லாம வேற ஆளு எண்ணியிருந்தா." தாளை என் பக்கம் தள்ளினார். "மறிக்கிற போலீசுக்கு எப்படித் தெரியுதுன்னு கேட்டா, நிப்பாட்டின பொறவு பெயரக் கேட்டுத்தான். அதனாலதான் ஐயா, நின்னவங்க வாயால சொன்னாத்தான் கணக்கு."

"நான் இப்பச் சொல்லுகேன். மாத்தி எழுதுங்க."

"முடியாது. கேஸ் வந்த பொறவு மாத்தின பதிலுக்கு ஒரு மதிப்பும் இல்ல. நாப்பத்தொரு வீடும் ஒரே வாக்கியத்தச் சொன்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது? இந்தத் தெரு பதில நம்ப முடியாதுன்னு அறிக்கையில கீழ எழுதியிருக்கேன். அத விட்டுட்டு பூஜ்யத்த மட்டும் எடுத்துட்டுப் போயிருக்காவ." கொஞ்சம் யோசித்தார். "திரும்ப எடுக்கலாம். மூணு ஊருலயும் சேத்து எடுக்கணும், உங்க தெருவுல மட்டும் எடுத்தா ஒப்பிட முடியாது. ரெண்டு வாரம் ஆவும். ஆனா ஜனங்க பேசணும்லா."

"பேசுவாவ."

"யாரு சொன்னா பேசுவாவ?"

நான் எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்மா தொழுகை முடிந்ததும் இமாமிடம் அனுமதி கேட்டு எழுந்து நின்றேன். முந்தின ராத்திரிதான் சபீரிடம் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கியிருந்தேன். "அந்த டீச்சர்கிட்ட நான் சொன்னது பொய். உங்களையும் சொல்ல வச்சது நான். என் மகன ஆறு மாசத்துல பத்தொம்பது தடவ மறிச்சிருக்காவ. என்னை ஒரு தடவ" என்று ஆரம்பித்து, தொப்பி விஷயம்வரை சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு குரல், "எனக்கு ஏழு காக்கா" என்றது.

"ஏலே, ஏழா? வாராவாரம் எனக்குப் பக்கத்துலதான நிக்க, பன்னெண்டு இருக்கும்" என்றான் இன்னொருவன். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது.

எல்லோரும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் மகள் கல்யாணம் வைத்திருந்த ஒருவர் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். "என் பிள்ளைக்கு நிக்காஹ் முடியிறதுவரை வாயப் பொத்திட்டு இருந்திருக்கலாம். உம்ம பேச்சக் கேட்டுத்தான் நான் அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்கும் உம்ம பேச்சக் கேக்கணுமோ?" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். இன்றுவரை அவர் எனக்கு ஸலாம் சொல்வதில்லை.

மறு கணக்கெடுப்புக்கு பிரிஜா டீச்சர் பிப்ரவரியில் வந்தார். முதல் வீடு எங்கள் வீடாக இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். முன்கதவைத் திறந்து வைத்தேன். தெருவுக்குக் கேட்கிறமாதிரி உரக்கச் சொன்னேன்: "சபீர், பத்தொம்பது. சைபுதீன், ஒண்ணு." அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். சபீர் தேதியோடு சொன்னான். போனில் குறித்து வைத்திருந்தான். முக்கால் மணிநேரம் ஆனது. எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன்.

"வண்டி ஓட்டுகவங்க வேற யாரும் உண்டா?" என்றார் டீச்சர்.

"இல்ல" என்றேன். பழக்கம்.

"நான் ஓட்டுகேன் டீச்சர்."

என் மருமகள் சஜ்னா. இரணியல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவள், ஸ்கூட்டரில் போய்வருகிறவள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து சபீருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்கள எத்தனை தடவ மறிச்சாவ?"

"பதினாலு."

சபீர் திரும்பினான். "பதினாலா? ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை…"

"சொன்னா என்ன சொல்லியிருப்பிய? நாளையிலேருந்து ஸ்கூட்டர எடுக்காண்டாம், வேலைக்குப் போவாண்டாம், அதானே?"

எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடலாம் என்று நாற்காலிக் கையைப் பிடித்தேன்.

"மாமாவுக்குக் கேக்க சங்கடமா இருந்தா உள்ள போயிரட்டும் டீச்சர்" என்றாள் சஜ்னா, என்னைப் பார்க்காமல். "ஆனா இருந்தா நல்லது."

நான் உட்கார்ந்தேன்.

"எத்தனை நிமிஷம் நிக்க வச்சாவ?" என்று கேட்டு பிரிஜா டீச்சர் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார்.

"ஒவ்வொண்ணாச் சொல்லுகேன், எழுதிக்கிடுங்க. மொத தடவ அக்டோபர் மாசம், காலாண்டு லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டாவது வாரம் இருக்கும். மூணு பேரு நின்னாவ. சாவியப் பிடுங்கி வச்சிட்டு, புருஷன் பெயரு என்னன்னு கேட்டாவ."