ஒரே நாளில் மூடியவை

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடி அறைக்குள் மேலாளர் மேலிடத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒப்பந்த ஆட்களில் யார் இருப்பது, யார் போவது என்று இன்றைக்குத்தான் முடிவு. மென்பொருளில் கண்ட பிழைகளைப் பதிவுசெய்வதும், புரோகிராமர்கள் சரிசெய்த பிறகு சோதித்து, முடிந்தது என்று மூடுவதும் அவள் வேலை. எவ்வளவு சீக்கிரம் மூடுகிறாள் என்பதை வைத்துத்தான் பிழைப்பு. புருஷனும் வேலை போய் வீட்டில் இருந்தான்.

"உட்காருங்கக்கா. நீங்க நடக்கிறதப் பாத்தா எனக்கும் வேலை ஓடல," என்றான் பக்கத்து இருக்கை புரோகிராமர்.

"உனக்கென்னப்பா, நிரந்தர வேலை. நல்லாவே பேசுவ."

போன வாரம் மேலாளர் சொன்ன வேலைதான் வினையாகிவிட்டது. மூடிக் கிடந்த பழைய பிழைகளில் எல்லாம், எந்தப் பிரிவு என்று குறிக்கச் சொன்னார். மூடியதில் கை வைக்க முடியாது. திறந்து, குறித்து, மறுபடி மூட வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தால் ஆயுசு போதாது என்று மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக முடித்தாள். மேலிடத்துக்குப் போகும் பாழாய்ப்போன அறிக்கையோ கடைசியாக மூடிய தேதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. கண்டுபிடித்த அன்றே அவள் முடித்த பிழைகூட மாதக்கணக்கில் இழுத்தடித்ததாக ஆகிவிட்டது.

அன்றைக்கே மேலாளரிடம் போய்ச் சொன்னாள். "பழைய தேதியெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு சார். மேல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நான் பாத்துக்கறேம்மா," என்றார் அந்த மனுஷன்.

கதவு திறந்தது. மேலாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னுட்டாங்கம்மா. ஒவ்வொண்ணையும் மூட ரொம்ப நாள் எடுத்திருக்கீங்களாம்."

"நீங்க சொல்லலையா சார்?"

"பேச்சு அந்தப் பக்கமே போகல."

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இடத்துக்குத் திரும்பினாள்.

மத்தியானம் எல்லோரையும் பெரிய திரைக்கு முன்னால் கூப்பிட்டார்கள். மேலிடத்து அதிகாரி ஒரு வரைபடத்தைக் காட்டினார். போன வாரத் தேதியில் மட்டும் ஒரு கம்பம் கூரையைத் தொடுகிற மாதிரி நின்றது.

"ஒரே நாள்ல இத்தனை பிழைய மூடினது இந்தக் கம்பெனியிலயே இந்த டீம்தான். உங்க மேலாளருக்கு எல்லாரும் ஒரு கை தட்டுங்க."

மேலாளர் எழுந்து கும்பிட்டார். புரோகிராமர் தலையைக் குனிந்துகொண்டான். சுற்றிலும் எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் தட்டினாள்.